கம்பவுண்டர் அண்ணன் நோட்டில் சிவப்புச் சுழி: ஒரு கிளினிக் போனோடு பல வருடம்

மதுரை புதூரில் எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக்கில் சாயங்காலம் நாலரைக்குத்தான் போனை எடுப்பார்கள். நாலு இருபதுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருக்கும். நாலு நாற்பதுக்கு அடித்தால் முப்பதாவது டோக்கன், அதாவது ராத்திரி ஒன்பதரை. 2016-இல் ஒத்தக்கடைக்குக் குடிவந்ததிலிருந்து அப்பா, அம்மா, அக்கா பையன் என்று மூன்று பேருக்காக இந்த நம்பரோடு மல்லுக்கட்டி வருகிறேன். டாக்டரின் கைராசியில் எங்களுக்குக் குறையே கிடையாது. அவரிடம் போய்ச் சேர்வதற்குள் படுகிற பாட்டைத்தான் எழுதுகிறேன்.

போனை எடுப்பவர் கம்பவுண்டர் அண்ணன். முதல் இரண்டு வருடம், "அண்ணே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டோக்கன் போடுங்க" என்று மட்டும் சொல்வேன். அவரும் பெயரை எழுதிக்கொண்டு வைத்துவிடுவார். ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய நோட்டை எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற நீள நோட்டு. நீல மையில் வரிசையாகப் பெயர்கள். நாலைந்து பெயருக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பில் ஒரு சுழி.

"அது என்னண்ணே?"

"மூச்சு வாங்குதுன்னு சொன்னவங்க, கைப்பிள்ளைக்காரங்க. டாக்டர் வந்ததும் இவங்கதான் முதல்ல. நீங்க உடம்பு சரியில்லைன்னா நான் என்னத்தைக் கண்டேன் தம்பி?"

அன்றைக்கு உறைத்தது. இப்போது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: "அம்மாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு, மூணு நாளாக் காய்ச்சல், காலையிலிருந்து தண்ணி குடிச்சாலும் வாந்தி." இப்படிச் சொன்ன ஒரு நாள் அவர் டோக்கனே போடவில்லை. உள்ளே போய் டாக்டரிடம் கேட்டு வந்து, "இங்க வந்து உக்காந்திருக்காதீங்க, பெட் இருக்கிற எடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் அம்மாவுக்கு அன்று ராத்திரியே குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது.

அக்கா பையனை நாய் கடித்தபோதும் முதல் போன் அங்கேதான். "நம்மகிட்ட அந்த ஊசி இல்லை. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்க, அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க" என்றார். இதற்குள் பக்கத்து வீட்டு அப்பத்தா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்பத்தாவைச் சமாளித்ததுதான் அன்றைக்குப் பெரிய வேலை. ஊசி சர்க்காரில் இலவசம். கடித்த அன்றைக்கு ஒரு தவணை, பிறகு 3, 7, 28-ஆம் நாள்களில் ஒவ்வொரு தவணை. 28-ஆம் நாளை நாங்களே மறக்கப் பார்த்தோம்.

அப்பா விஷயம் வேறு. 2022-இல் ஒரு ராத்திரி பத்தரை மணி. நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் வலிக்கிறது என்றார். சட்டை நனைந்துவிட்டது. வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தோம், இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கிளினிக் பூட்டியாகிவிட்டது. '24 மணி நேரமும்' என்று விளக்குப் போர்டு வைத்த பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். ஒரு நர்ஸ் பிள்ளை மட்டும் இருந்தது. டாக்டர் வீட்டிலிருந்து வரவேண்டும், ஈசிஜி அறைச் சாவி வேறு யாரிடமோ. அங்கேயே முப்பத்தைந்து நிமிடம் போனது. 24 மணி நேரமும் எரிந்தது போர்டு மட்டும்தான்.

அப்புறம்தான் 108-க்கு அடித்தேன். எந்த மாவட்டம், எந்த ஊர், பக்கத்தில் என்ன அடையாளம் என்று வரிசையாகக் கேட்டார்கள். வண்டியில் வருகிறவர்கள் திருப்பிக் கூப்பிடுவார்கள், அதனால் அந்த நேரத்தில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு லைனை அடைத்துவிடக் கூடாது. மாட்டுத்தாவணி, கே.கே.நகர் வழியாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையை மதுரைக்காரர்கள் அப்படித்தான் சொல்வோம். அவசரப் பிரிவில் ஆளின் நிலைமையைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். அப்பா சிவப்பு. உடனே ஈசிஜி எடுத்தார்கள். "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்பதையே மூன்று பேர் கேட்டார்கள். மாரடைப்புக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு பலன், அதனால்தான். வாய் கோணுவது, ஒரு கை விழுவது போன்ற பக்கவாத அறிகுறிக்கும் இப்படித்தான். அதற்கான ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. டோக்கனுக்குக் காத்திருக்கிற வியாதிகள் இல்லை இவை.

அப்பா தேறிவிட்டார். மறுவாரமே நான் செய்த வேலை, சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகளுக்குப் பட்டப்பகலில் போய், "ராத்திரி டூட்டி டாக்டர் உள்ளேயே இருப்பாரா? ஈசிஜி எடுப்பீங்களா?" என்று விசாரித்தது. வரவேற்பில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

போனில் மருத்துவ ஆலோசனை சொல்கிற அரசு நம்பரான 104-ஐ ஒரே ஒரு முறை பயன்படுத்தினேன். அம்மா மறதியில் பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்ட ராத்திரி. மாத்திரைப் பெயர், மில்லிகிராம், தலைசுற்றல் உண்டா என்று பொறுமையாகக் கேட்டு, எதற்குப் பயப்பட வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று சொன்னார்கள். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவது நல்லது.

சித்திரைத் திருவிழாவைச் சொல்லாமல் விட்டால் மதுரைக்காரன் இல்லை. அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று மூன்றுமாவடியிலிருந்து புதூர், தல்லாகுளம் வரை அழகர் வருகிற பாதை முழுக்கத் தலைகள்தான். கிளினிக்கும் லீவு. அந்த வாரத்துக்கான மாத்திரைகளை முன்கூட்டியே வாங்கிவைத்து விடுகிறோம்.

இந்த வருடம் கிளினிக்கில் வாட்ஸப் நம்பர் கொடுத்திருக்கிறார்கள், காலை பத்து மணியிலிருந்தே பெயர் அனுப்பலாம் என்றார்கள். அனுப்பினால் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. நாலரைக்கு அடித்தால், "மெசேஜ் பாத்தேன் தம்பி, சொல்லுங்க, எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்று அப்போதுதான் நோட்டைத் திறக்கிறார்.