கன்னங்குறிச்சிப் பட்டறையில் அடித்த வேர்க்கொத்து: 14 மாதம் வேலை வாங்கிய பிறகு எழுதுகிறேன்

சேர்வராயன் மலையில் கைவிட்டுப் போன ஒரு காப்பித் தோட்டத்தை மறுபடி காடாக்குவதற்காக ஓர் அறக்கட்டளை வாங்கி வைத்திருக்கிறது. அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லையைச் சுற்றி வருவது, கோடைக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, நாற்றுக்குத் தண்ணீர், மாதம் ஒருமுறை அதே பாறைமேல் நின்று அதே திசையில் போட்டோ எடுத்து வைப்பது, ஆடு ஓட்டி வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது, எல்லாம் உண்டு. ஆனால் வருஷத்தில் பாதி நாள் போவது உண்ணிச்செடியோடுதான். அதற்கென்று அடித்து வாங்கிய ஒரு கருவியைப் பற்றியும், அடித்துக் கொடுத்த பட்டறையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி. பூ அழகுக்காக 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். காப்பிக்குக் கவாத்து, நிழல், உரம் என்று மனிதர் கூடவே நிற்க வேண்டும். உண்ணிச்செடிக்கு யாரும் வேண்டாம். தோட்டத்தில் ஆள் நடமாட்டம் நின்றால் போதும், சின்னான் குருவிகள் பழத்தைத் தின்றுவிட்டு மரத்தடியெல்லாம் விதை போட்டுவிடும். அப்புறம் அடியில் புல் கிடையாது, நாவல் கன்று கிடையாது, கடுக்காய்க் கன்று கிடையாது. மாடு தவறித் தின்றால் மஞ்சள் காமாலை வந்து படுத்துக்கொள்ளும். காட்டெருமைக்கு மேய்ச்சல் குறையக் குறைய அது தோட்டத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் இறங்குகிறது.

இதை அரிவாளால் வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். தீ வைத்தாலும் அப்படியே. ஜேசிபி விட்டால் சரிவில் மேல்மண் மொத்தமும் மழையில் இறங்கிவிடும், புதைந்து கிடந்த விதையும் மேலே வந்துவிடும். பலன் தருகிற முறை ஒன்று இருக்கிறது. டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவும் அவர் குழுவும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டியது. துளிர் கிளம்புவது தண்டும் வேரும் சேருகிற இடத்திலிருந்து. அதற்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரை அறுத்துவிட வேண்டும். அறுத்ததைத் தூக்கித் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட வேண்டும். மண்ணில் பட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் முறை. சொல்லுவதற்குச் சின்னது. ஆனால் அந்த 5 சென்டிமீட்டரைச் சரியாகப் பிடிக்கிற கருவி கையில் இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் அதே புதர் நிற்கும்.

முதலில் சேலத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் ரெடிமேடு கொத்து ஆறு வாங்கினேன். பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் ஒன்றின் கண், அதாவது காம்பு நுழைகிற வளையம், பற்றவைத்த இடத்தில் விட்டு, தகடு பறந்து போய் எங்கள் குழுவில் வேலை செய்கிற அக்கா ஒருவரின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்று முழுக்க எனக்கு நடுக்கம் அடங்கவில்லை. அடுத்தவர் நம்பிப் பிடிக்க நான் கொடுத்த கருவி அது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அறக்கட்டளைப் பணத்தில் அந்த 2,700 ரூபாய் வீண்தான்.

அப்புறம்தான் நாற்றங்கால் பைகள் வாங்கப் போன இடத்தில் இந்தப் பட்டறையைச் சொன்னார்கள். சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில் மூக்கனேரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம். ஏரியைத் தூர்வாரி நடுவில் மண்திட்டுகள் போட்டு மரம் வளர்த்திருக்கிறார்களே, அந்த மூக்கனேரிதான். போர்டு கிடையாது, மேப்பில் தேடினால் வராது. புளியமரத்தடியில் தகரக் கூரை, வெளியே லாரி ஸ்பிரிங் பட்டைகள் அடுக்கியிருக்கும். சம்மட்டிச் சத்தத்தை வைத்தே போய்விடலாம். துருத்திக்குப் பதில் கரண்டில் ஓடும் பிளோயர், மற்றதெல்லாம் பழைய முறை. பட்டறைக்கார அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். தாத்தா காலத்திலிருந்து உலைக்களம்தானாம். பக்கத்தில் கஞ்சமலை முழுக்க இரும்புத் தாது. 1830களில் ஹீத் என்கிற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்கே சேலத்துத் தாதுதான் போனது. இந்த ஊரில் இரும்பைத் தெரிந்தவர்கள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

நான் காகிதத்தில் படம் வரைந்து கொண்டு போனேன். 3 அங்குல அகலம், முன்பக்கம் கொஞ்சம் குறுகல், கண் பற்றவைத்ததாக இல்லாமல் ஒரே இரும்பில் வளைத்தது. அவர் படத்தை ஒருதரம்தான் பார்த்தார். “யாரு புடிக்கப் போறது கண்ணு, ஆம்பளைங்களா பொம்பளைங்களா?” என்று கேட்டார். எங்கள் குழுவில் ஐந்து பேர். மூன்று பேர் பக்கத்து ஊர் மலையாளிப் பெண்கள். கேரளத்துக்காரர்கள் அல்ல, சேர்வராயன் மலையிலேயே வாழ்கிற பழங்குடி மக்கள். அவர்கள் உயரம், நான் நிற்கிற உயரம், சரிவில் மேலே பார்த்து நிற்போமா கீழே பார்த்து நிற்போமா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் காம்பை நெஞ்சளவுக்கு வைக்கச் சொன்னார். தகடு காம்போடு சேருகிற கோணத்தையும் அதற்கேற்ற மாதிரி மடக்கினார். வேறு எந்தக் கடையிலும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

முதல் ஈடு சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் செம்மண்ணுக்குள் பாக்சைட் கட்டியும் கருங்கல் சில்லும் நிறைய. ஒரே வாரத்தில் மூன்று கொத்தின் வாய் பல்லுப் பல்லாகப் பெயர்ந்தது. எடுத்துக்கொண்டு ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினேன், என்ன சொல்வாரோ என்று யோசித்துக்கொண்டே. அவர் வாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “மண்ணு தெரியாம பதம் வெச்சது என் தப்பு கண்ணு. அடுத்தவாட்டி வர்றப்ப அந்தக் கல்லு ஒண்ணும் வேரு ஒண்ணும் எடுத்தாந்துரு” என்றார்.

கொண்டு போனேன். வேரைக் கத்தியால் சீவிப் பார்த்தார், கல்லைச் சம்மட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு வாயை மட்டும் சிவக்கக் காய்ச்சி, இந்தத் தடவை தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் முனையைத் தோய்த்தார். உடனே எடுத்துக் கல்லில் தேய்த்து ஒரு பக்கத்தை வெள்ளையாக்கிவிட்டு, “இப்பப் பாரு” என்று நிழலில் பிடித்தார். தகட்டின் பின்பக்கம் மிச்சமிருந்த சூடு மெல்ல முன்னால் நகர்ந்து வர, வெள்ளை இரும்பின்மேல் வைக்கோல் நிறம் ஏறியது. அது பழுப்பாகி, கத்தரிப்பூ நிறமாகி, வாயை எட்டும்போது மயில்கழுத்து நிறம். அந்த நொடியில் சட்டென்று தண்ணீரில் விட்டார். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் சீவுகிற கத்திக்கு ஆகும், கல்லில் பட்டால் பெயரும்; மயில்கழுத்தில் நிறுத்தினால் கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், ஆனால் உடையாது என்றார். எங்கள் வீடு அம்மாப்பேட்டையில் தறி வீடு. சாயத்தொட்டி ஓரம் நின்று நிறம் பார்த்து வளர்ந்தவள் நான். இரும்பிலும் அப்படி ஒரு நிறம் பார்க்கிற வித்தை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயர்ந்த மூன்றையும் அடித்துச் சரிசெய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

14 மாதம் ஆகிறது. அவரிடம் வாங்கிய எட்டுக் கொத்தில் ஒன்றுகூட உடையவில்லை. மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது, முதலில் அரிவாளால் கிளையைக் கழித்து வழி பண்ணிக்கொண்டு, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிச் சாய்வாக ஒரு போடு. உள்ளே வேர் அறுபடுவது கைக்குத் தெரியும், ‘சொத்’ என்று ஒரு சத்தம். பெரிய தூருக்கு மூன்று, நாலு போடு. குனிய வேண்டியதில்லை. முன்பு சாயங்காலமானால் எங்கள் பெரியக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்பார். இப்போது தலையில் விறகுக் கட்டோடு எனக்கு முன்னால் போகிறார். அவர் கொத்தை வேறு யாரும் தொடக்கூடாது, காம்பில் ஆணியால் கோடு கீறி வைத்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. காம்பு அவர் போட்டுத் தர மாட்டார், நாமே கருவேலங்காம்பு தேடிப் போட வேண்டும். பூண் சரியாக இறங்காவிட்டால் ஆடும். போன் எடுக்கவே மாட்டார். மார்கழியில் போகாதீர்கள், கரும்பு வெட்டும் அரிவாள் வேலை குவிந்து கிடக்கும், எனக்கு ஐந்து வாரம் ஆனது. எடையும் சற்று அதிகம், மெலிந்த கைக்காரர்களுக்கு முதல் வாரம் தோள் வலிக்கும். ஒன்று 850 ரூபாய். ஹார்டுவேர் கடை விலையைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சாணை பிடிக்க வேண்டும், அதற்கு 40 ரூபாய் வாங்குகிறார்.

கருவி ஒன்றே போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புதர் எடுத்த இடத்தை வெறுமனே விட்டால் பார்த்தீனியமோ வேறொன்றோ வந்து உட்காரும். நாங்கள் அந்தந்த மழைக்கே உள்ளூர்ப் புல்லும் நாவல், கடுக்காய்க் கன்றும் வைத்துவிடுகிறோம். குருவி உட்காருகிற மரத்தடியில் முளைக்கிற உண்ணிக் குஞ்சுகளை அடுத்த இரண்டு வருஷமாவது கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் போன வருஷம் சுத்தம் செய்த ஓடைக்கரைத் துண்டில் மறுதுளிர் தேடி நேற்று நடந்தேன். ஏழு தூர் துளிர்த்திருந்தது. ஏழும் எங்கள் பழைய ரெடிமேடு கொத்தால் மேலாக வெட்டியவை, பாறை இடுக்கு வரிசை. மற்ற இடமெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் புல். அதில் காட்டெருமை படுத்து எழுந்த தடம் இருந்தது.

போகிறவர்கள் காலை 9 மணிக்குள் போய்விடுங்கள், உலை அப்போதுதான் மூட்டியிருப்பார். உங்கள் நிலத்துக் கல் ஒன்றும், அறுக்க வேண்டிய வேர் ஒரு துண்டும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.