டாக்டருக்காகப் போகலாம், ரிசப்ஷன் மாற வேண்டும்

கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. அதில் இரண்டு வருடம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே என்று என் மனைவி மட்டும்தான் அலைந்தாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று வந்த பிறகும் நான் டாக்டரிடம் போகவில்லை, லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் ரகசியமாக லேகியம் வாங்கித் தின்றேன். கடைசியில் அவளே இந்த கிளினிக்கில் என் பெயருக்கு டோக்கன் போட்டாள்.

டாக்டர் தங்கமான மனிதர். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா, சிகரெட் உண்டா, ஜிம்மில் ஊசி ஏதும் போட்டீர்களா என்று, காய்ச்சலுக்கு விசாரிப்பது போலத்தான் கேட்டார். அப்புறம் நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, தொட்டுப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்றிருந்தது. இடது பக்கம் வெரிகோசில், அதாவது காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது போல விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்திருக்கிறது. 100 ஆண்களில் சுமார் 15 பேருக்கு இருக்குமாம், பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காதாம். சாயங்காலமானால் அங்கே ஒரு கனம் தெரியும், பைக் ஓட்டுவதால் என்று விட்டிருந்தேன்.

விந்தணு எண்ணிக்கை மில்லிக்கு 90 லட்சம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் அளவு 1 கோடியே 60 லட்சம். ஒரே ரிப்போர்ட்டை வைத்து எதையும் சொல்ல மாட்டேன் என்று இன்னொரு முறை எடுக்கச் சொன்னார், அதுவும் கிட்டத்தட்ட அப்படியே வந்ததால் அடுத்த மாதம் வெரிகோசிலுக்கு ஆபரேஷன். புது விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும் என்பதால் அதன் பிறகு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

ரிசப்ஷன்தான் மோசம். நிறைந்த ஹாலில் "செமன் டெஸ்ட்டுக்கு வந்தது யாருங்க?" என்று சத்தமாகக் கூப்பிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் ஃபைலை மடித்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டான். நான் இருந்தவரை திரும்பவில்லை. தயவுசெய்து டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

சாம்பிள் கொடுக்கும் அறைக்கதவையும் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வீடு பக்கமென்றால் லேபில் கேட்டு டப்பா வாங்கிப்போய் வீட்டிலேயே எடுத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து கொடுக்கலாம். கடைசியாக விந்து வெளியேறிய பிறகு 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு எடுங்கள். 5-க்கு 3 ஸ்டார், மூன்றும் டாக்டருக்கு.