கிறிஸ்துமஸ் விருந்தின் மாட்டிறைச்சி ரோஸ்ட்டுக்கு ஒரு கம்பி வெப்பமானி: மதிப்புரை

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்கு, எலும்போடு கூடிய மாட்டின் விலாப்பகுதியை முழுத்துண்டாக ஓவனில் வைத்து ரோஸ்ட் செய்வது பல குடும்பங்களின் வழக்கம். பிரைம் ரிப் என்று அழைக்கப்படும் இந்தத் துண்டில் மூன்று எலும்பு இருந்தால் ஏறத்தாழ மூன்று கிலோ எடை இருக்கும். ஆறு பேருக்கு அது தாராளமாகப் போதும். விலையோ இறைச்சிக் கடையில் மிக அதிகமானவற்றுள் ஒன்று. இவ்வளவு செலவு செய்து வாங்கிய இறைச்சி பதம் தவறாமல் மேசைக்கு வருவதற்கு, ஓவனைவிடவும் மசாலாவைவிடவும் அதிகம் உதவுவது ஒரு சிறிய வெப்பமானிதான் என்பது என் உறுதியான கருத்து. நான் பயன்படுத்துவது இறைச்சிக்குள் செருகிய ஊசியைச் சமையல் முடியும்வரை உள்ளேயே விட்டுவைக்கும் வகை. ஊசியிலிருந்து கிளம்பும் எஃகுப் பின்னல் கம்பி ஓவன் கதவின் இடுக்கு வழியாக வெளியே வந்து, காந்தத்தால் ஒட்டி நிற்கும் ஒரு சிறு திரையில் முடிகிறது.

நம் வீடுகளில் ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ குழம்பிலும் குக்கரிலும் வேகிறது. அங்கே விசிலை எண்ணலாம், கரண்டியால் அழுத்திப் பார்க்கலாம். சற்றுக் கூடுதலாக வெந்தாலும் கறி மேலும் மென்மையாகுமே தவிரக் கெடாது. விலாத்துண்டு அப்படிப்பட்டதன்று. உள்வெப்பம் 55 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது இளஞ்சிவப்பாகவும் சாறு நிறைந்தும் இருக்கும் இறைச்சி, 65 டிகிரியைத் தாண்டியதும் தசைநார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடுவதால் வறண்டுவிடுகிறது. இந்தப் பத்து டிகிரி வேறுபாட்டை மேற்பரப்பின் நிறமும் காட்டாது, மணமும் காட்டாது.

ஒரு பவுண்டுக்கு இத்தனை நிமிடம் என்ற பழைய கணக்கும் இங்கே கைகொடுப்பதில்லை. மூன்று எலும்புத் துண்டைவிட ஐந்து எலும்புத் துண்டு எடையில் மிகுதி என்றாலும், அதன் நீளம்தான் கூடியிருக்கிறதே தவிரப் பருமன் கூடவில்லை. வெப்பம் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கடக்க வேண்டிய தூரம் பெரும்பாலும் அதேதான். இதோடு, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த இறைச்சியின் குளிர்ச்சியும், குறித்த வெப்பத்துக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும் ஓவனின் இயல்பும் சேரும்போது, கடிகாரத்தை மட்டும் நம்புவது சூதாட்டமாகிவிடும்.

வெப்பமானியை வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பது. ஒரு குவளை நிறைய உடைத்த பனிக்கட்டியை நிரப்பி, மேல்மட்டம்வரை குளிர்ந்த நீர் ஊற்றிக் கலக்கி, பக்கங்களிலும் அடியிலும் படாமல் ஊசியை நடுவில் பிடித்தால் திரையில் 0 டிகிரி வர வேண்டும். கொதிநீரில் சோதிப்பதைவிட இது நம்பகமானது. டென்வர் போன்ற உயரமான ஊர்களில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்னுடைய கருவி பனிநீரில் அரை டிகிரி வேறுபாட்டுக்குள் நின்றது. சமையலுக்கு அந்தத் துல்லியம் போதுமானது.

ஊசியைச் செருகும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. துண்டின் வெட்டுமுகத்திலிருந்து கிடைமட்டமாகச் செலுத்தி, நடுவிலுள்ள பெரிய வட்டத் தசையின் மையத்தில் நுனி நிற்குமாறு வைக்க வேண்டும். எலும்பையோ கொழுப்புத் திட்டையோ தொட்டால் திரையில் தெரியும் எண்ணை நம்ப முடியாது. நான் முந்தைய நாளே உப்புத் தடவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். மேற்பரப்பு உலர்ந்திருந்தால் கடைசியில் மொறுமொறுப்பான மேலோடு நன்றாகப் படியும். ஓவனை 120 டிகிரியில் மட்டும் வைத்துத் தொடங்கினால், முதல் அரை மணி நேரம் திரையில் எண் அசைவதே இல்லை என்று தோன்றும். பிறகு சீராக ஏறத் தொடங்கும். அந்தச் சீரான ஏற்றம்தான் இந்தக் கருவியின் பெரும்பயன். அரை மணிக்கு ஒரு முறை எண்ணைக் குறித்துவந்தால் விருந்து எத்தனை மணிக்குத் தயாராகும் என்று முன்கூட்டியே கணிக்க முடிகிறது; கதவைத் திறந்து வெப்பத்தை வீணாக்கவும் வேண்டியதில்லை. மூன்று எலும்புத் துண்டுக்கு இந்த வெப்பத்தில் பெரும்பாலும் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும்.

எச்சரிக்கை ஒலியை நான் 51 டிகிரியில் அமைக்கிறேன். வெளியே எடுத்த பின்னும் ஓரத்திலுள்ள வெப்பம் உள்நோக்கி நகர்வதால் நடுப்பகுதி மேலும் சூடாகும். ஊசியை எடுக்காமல் விட்டால் 52, 53, 54 என்று எண் மெல்ல ஏறி நிற்பதைத் திரையிலேயே பார்க்கலாம். குறைந்த வெப்பத்தில் சமைத்தால் இந்த ஏற்றம் சில டிகிரிகளோடு நின்றுவிடும். 180 டிகிரிபோல அதிக வெப்பத்தில் சமைத்தால் இன்னும் கூடும் என்பதால் முன்னதாகவே எடுத்தாக வேண்டும். அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து, விருந்தினர் அமரும் நேரத்தில் 260 டிகிரி ஓவனில் ஆறிலிருந்து பத்து நிமிடம் வைத்தால் மேலோடு பொன்பழுப்பாகிவிடும். கம்பி தாங்கும் உச்ச வெப்பம் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். அது 260-க்குக் குறைவென்றால் இந்தக் கட்டத்துக்கு முன் ஊசியை எடுத்துவிட வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கருவியில் முன்கூட்டியே பதித்திருக்கும் இறைச்சிப் பொத்தான்கள் பயனற்றவை. ‘மீடியம் ரேர்’ (நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும் பதம்) என்று அழுத்தினால் 63 டிகிரியில்தான் ஒலிக்கிறது, அதற்குள் அந்தப் பதம் கடந்துவிட்டிருக்கும். எண்ணை நாமே உள்ளிடுவதுதான் சரி. ஒலியும் மெல்லியது, விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும் அறைக்கு அது எட்டுவதில்லை. கம்பி ஊசியோடு சேரும் இணைப்புத்தான் பலவீனமான பகுதி. அங்கே தண்ணீர் புகுந்தால் எண்கள் தாறுமாறாகும் என்பதால், ஊசியைத் தொட்டியில் ஊறவிடாமல் ஈரத்துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

முழுத்துண்டு மாட்டிறைச்சிக்கு அமெரிக்க வேளாண் துறை பரிந்துரைப்பது 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும். முழுத்தசையில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும் என்பதால் பலர் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உண்கிறார்கள். ஆயினும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறு குழந்தைகளும் இருக்கும் விருந்தில் அந்த 63-ஐ மதிப்பதே பொறுப்பான செயல். இயந்திர ஊசிகளால் குத்தி மென்மையாக்கிய இறைச்சியில் கிருமிகள் உள்ளேயும் போயிருக்கக்கூடும். 2016 முதல் அப்படிப்பட்ட துண்டுகளின் உறையில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. வாங்கும்போது படித்துப் பாருங்கள்.

சிவப்பு நிறத்தைக் கண்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் நிச்சயம் இருப்பார்கள். தட்டில் கசியும் அந்தச் சிவப்புச் சாறு இரத்தமன்று, தசையிலுள்ள மையோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த நீர் என்று விளக்கினாலும் அவர்கள் மனம் ஒப்பாது, வற்புறுத்தவும் கூடாது. இரு ஓரத்துத் துண்டுகள் இயல்பாகவே கூடுதலாக வெந்திருக்கும், அவற்றை அவர்களுக்குக் கொடுக்கலாம். போதவில்லையென்றால், நறுக்கிய துண்டுகளைக் கொதிக்கும் எலும்புச் சாற்றில் ஓரிரு நிமிடம் இட்டு எடுத்தால் சிவப்பு மறைந்துவிடும். முழு ரோஸ்ட்டையும் எல்லாருக்குமாக வறளவிட வேண்டியதில்லை.

கம்பியே இல்லாமல் கைப்பேசிச் செயலியோடு இணையும் வகைகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் ஊசி பருமனானது. ஓவனின் உலோகச் சுவர்களைத் தாண்டிவரும் அலை வலுவிழப்பதால் அடுத்த அறையிலேயே இணைப்பு அறுந்துபோகலாம். வீட்டு ஓவனில் மட்டும் சமைப்பவர்களுக்குக் கம்பி வகையே போதும், விலையும் குறைவு. என்னுடையதற்கு நான் கொடுத்தது அந்த மூன்று எலும்புத் துண்டின் விலையில் கால் பங்குக்கும் கீழே. வாங்கும்போது ஊசி மட்டும் தனியாக விற்கப்படும் மாதிரியாகப் பார்த்து, மாற்று ஊசி ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். திரை ஆண்டுக்கணக்கில் உழைக்கும், முதலில் பழுதாவது ஊசிதான்.