ஆளில்லா விமானத்துக்கு எது: பிஐடியா, அடாப்டிவ் கட்டுப்பாடா?

பெங்களூருவில் ஏரோநாட்டிக்ஸ் படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் புராஜெக்ட் எடுக்கும் சமயத்தில் கேட்பது இதுதான்: "அண்ணா, பிஐடி போதுமா, அடாப்டிவ் போடலாமா?" இரண்டுமே விமானத்தைச் சொன்ன கோணத்தில் பிடித்துவைக்கும் தானியங்கிக் கட்டுப்பாட்டு முறைகள்.

பிஐடி பார்ப்பது மூன்றே விஷயம்: கோணத்தில் இப்போது பிழை எவ்வளவு, இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது. ஆர்டுபைலட், பிஎக்ஸ்4 என்ற ட்ரோன் மென்பொருள்கள் இரண்டுக்கும் அடித்தளம் இதுதான். சிக்கல் வேகத்தில் வருகிறது. வேகம் இரட்டித்தால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரின் அதே அசைவுக்கு நான்கு மடங்கு விசை பிறக்கும். அதனால் வேகம், உயரம் வாரியாக கெயின்களை (பிழையை எவ்வளவு வலுவாகத் திருத்துவது என்ற எண்களை) அட்டவணை போட்டு மாற்ற வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் விமானம் நிலையாக இருக்குமா என்று கணக்குப் போட்டுக் காட்டிவிடலாம். கணக்கோடு நிற்காமல் பறந்தும் சோதிப்பார்கள்: இயல்பிலேயே நிலையற்ற தேஜஸ் விமானத்தின் கட்டுப்பாட்டு விதிகளை (அதை நிலையாக வைக்கும் கணக்குகளை) 1996-இல் அமெரிக்காவில் ஒரு எஃப்-16 விமானத்தில் ஏற்றிப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். தேஜஸ் இங்கே பெங்களூருவில் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4-இல்.

அடாப்டிவ் முறை பறக்கும்போதே தன் கெயின்களை மாற்றிக்கொள்ளும். சுமை மாறினாலும், இறக்கையில் அடிபட்டாலும் சமாளிக்கும். ஆராய்ச்சிக்கு இதைவிட ருசியான துறை கிடையாது என்பேன். ஆனால் 1967 நவம்பர் 15-ஐ மறக்கக் கூடாது. அன்று அடாப்டிவ் கட்டுப்பாட்டுடன் பறந்த எக்ஸ்-15 ராக்கெட் விமானம், கட்டுப்பாடிழந்த சுழற்சியிலிருந்து மீண்ட பிறகு மூக்கை மேலும் கீழுமாக ஆட்டத் தொடங்கியது. அப்போது குறைய வேண்டிய கெயின் குறையவில்லை. விமானம் வானிலேயே உடைந்தது. விமானி மைக்கேல் ஆடம்ஸ் இறந்தார். தானாகக் கற்கும் அமைப்பு எப்போது கற்கக் கூடாது என்பதையும் நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.

பயிற்சியால் கற்கும் நியூரல் நெட்வொர்க்? அது ஓட்டிய சூரிச் பல்கலைக்கழகத்தின் ட்ரோன் ஒன்று 2022-இல் பந்தயத்தில் மனித சாம்பியன்களை வென்றது உண்மை. ஆனால் அது பழகிய உள்ளரங்கப் பாதை. ஊருக்கு மேலே பறக்க அது போதாது.

சரி, நான் எதை எடுக்கச் சொல்வேன்? அடியில் அட்டவணை போட்ட பிஐடி. அதன் மேல் சிறிய அடாப்டிவ் திருத்தம். அந்தத் திருத்தத்துக்குக் கறாரான உச்சவரம்பு வையுங்கள். சர்வோ (தகடுகளை அசைக்கும் மோட்டார்) தன் எல்லையைத் தொட்டதும் கற்பது நிற்க வேண்டும். சிமுலேஷனில் காற்றடிப்பையும் சென்சார் தாமதத்தையும் சேர்த்து முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.