கல்லன்பாய் எந்த ஊர்? அயர்லாந்து முன்னோரைத் தேட அகரவரிசையா, ஒலியா?

என் மனைவியின் தாய்வழிப் பாட்டனாருக்குப் பாட்டனார் ஓர் அயர்லாந்துக்காரர். 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியக் காலாட்படையில் சேர்ந்து சென்னைக்கு வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே குடும்பமானவர். அவரைப் படையில் சேர்த்துக்கொண்ட எழுத்தர் பிறந்த மாவட்டத்தைக் கிளேர் என்று தெளிவாகவும், பாரிஷை (தேவாலயப் பங்கை அடிப்படையாகக் கொண்ட நிலப்பிரிவு) "கல்லன்பாய்" என்றும் எழுதி, ஊருக்கான கட்டத்தை வெறுமனே விட்டிருக்கிறார். அயர்லாந்தில் கல்லன்பாய் என்று எதுவும் இல்லை.

அந்தப் பெயரை விட்டால் வேறு பிடிமானமும் இல்லை. 1821 முதல் 1851 வரையிலான அயர்லாந்துக் குடிக்கணக்குகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோயிற்று. எஞ்சியிருக்கும் நில வரிப் பதிவுகளும் தேவாலயப் பதிவேடுகளும் இடவாரியாகவே அடுக்கப்பட்டவை; இடம் தெரியாதவருக்கு அவை பெரும்பாலும் உதவுவதில்லை.

சிதைந்த இடப்பெயரை வைத்துத் தேட முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1851 குடிக்கணக்கை ஒட்டி 1861இல் அச்சான டவுன்லேண்ட் அகரவரிசை. டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு. நாடு முழுவதும் 60,000க்கும் மேல் உண்டு. இன்னொன்று, டப்ளின் நகரப் பல்கலைக்கழகமும் அரசின் இடப்பெயர்ப் பிரிவும் சேர்ந்து நடத்தும் லோகன்ம் என்ற இணையத் தரவுத்தளம். குடும்பப் பெயர் எந்தப் பகுதியில் செறிந்திருக்கிறது என்று பார்த்து ஊரை ஊகிக்கும் மூன்றாவது வழியும் உண்டு. ஆனால் கிளேரில் எங்கும் பரவிக் கிடக்கும் மெக்நமாரா, ஓபிரையன் போன்ற பெயர்களோடு அந்த வழியில் இறங்குவது வீண்வேலை.

அகரவரிசையின் நன்மைகள் வெளிப்படையானவை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பரப்பளவு, மாவட்டம், பாரிஷ், வரைபடத் தாள் எண் ஆகிய அனைத்தும் ஒரே வரியில் கிடைக்கும். இன்றைய இணையப் பதிப்புகளில் நட்சத்திரக்குறி போட்டும் தேடலாம். கையில் இருக்கும் ஆவணம் 1864க்குப் பிந்தைய பிறப்பு, இறப்புப் பதிவாகவோ 1901, 1911 குடிக்கணக்காகவோ இருந்தால் இதுவே போதும். ஏனெனில் நிலஅளவைத் துறையின் ஆறு அங்குல வரைபடம் (ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டுவது) 1840களில் முடிந்தபோது ஆங்கில எழுத்துக்கூட்டல் ஓரளவு நிலைபெற்றுவிட்டது.

அதற்கு முந்தைய ஆவணம் என்றால் கதை வேறு, அங்கே எல்லாம் முதல் எழுத்தில்தான் தடுமாறும். அயர்லாந்து மொழி பேசுபவர் வாயால் சொன்னதை, அம்மொழி தெரியாத எழுத்தர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார். "க" என்ற ஒரே ஒலியை அவர் ஆங்கிலக் "கே"யாலும் எழுதலாம், "சி"யாலும் எழுதலாம், "க்யூ"வாலும் எழுதலாம். தமிழில் எழுதிப் பார்த்தால் வேறுபாடே தெரியாத இந்த மூன்றும் அச்சிட்ட அகரவரிசையில் பல நூறு பக்கங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நட்சத்திரக்குறியையும் பெரும்பாலோர் பெயரின் நடுவிலோ கடைசியிலோதான் போடுவோம், முதல் எழுத்தைச் சந்தேகிக்கவே மாட்டோம். நானும் சந்தேகிக்கவில்லை. எழுத்தர் "சி" போட்டிருந்ததால் "சி" வரிசையில் ஹோலி மரத்தைக் குறிக்கும் "குல்லன்" வகைப் பெயர்களில் போய் மாட்டிக்கொண்டு, எனிஸ்டைமன் ஊரின் வழியே ஓடும் குல்லெனா ஆற்றின் கரையோரம் ஒரு மாதம் வரைபடத்தில் அலைந்தேன்.

லோகன்மில் மாவட்டத்தையும் "பாரிஷ்" என்ற வகையையும் தேர்ந்துகொண்டால் கிளேரின் பாரிஷ்கள் மட்டும் வந்து நிற்கும், ஏறக்குறைய 80. அவற்றைக் கண்ணால் தேடாமல் மனைவியை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு நான் திரையைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். "கில்" என்று தொடங்கும் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அந்த ஒலி தேவாலயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வரலாம், காட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வரலாம். வாசித்து முடித்தபோது இரண்டு பெயர்கள் தேறின: கடலோரத்தில் கில்ஃபார்பாய், உள்நாட்டில் கோரஃபினுக்கு அருகே கில்லினபாய். "ல்", "ன்", "பாய்" என்ற வரிசை இரண்டாவதில்தான் முழுமையாகப் பொருந்துகிறது. அயர்லாந்து மொழியில் அது "பேத் என்பவரின் மகளுடைய தேவாலயம்" என்ற பொருளுடைய மூன்று சொற்கள். நடுச்சொல்லை விழுங்கிச் சொன்னால் கல்லன்பாய் என்று காதில் விழுவதில் வியப்பில்லை. இன்றும் அதே ஊரை ஆங்கிலத்தில் கில்னபாய் என்றும் எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்தபின் எழுத்தர் மீதிருந்த கோபம் பாதி குறைந்தது.

லோகன்மை நான் சிபாரிசு செய்வதற்கு இதுவே காரணம். ஆய்வு முடிந்த பெயர்களுக்கு அது இன்றைய வடிவத்தோடு நிற்காமல், அயர்லாந்து மொழி வடிவத்தையும், எந்த ஆண்டு, எந்த ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டது என்ற பழைய வடிவங்களையும் அடுக்கிக் காட்டுகிறது. பல பெயர்களுக்கு ஒலிப்பதிவும் உண்டு. அதே மாவட்டத்தின் கில்ஃபெனோராவை எடுத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்து மொழியில் அதன் "எஃப்" எழுத்தை அடுத்து "எச்" வருவதால் அந்த ஒலி அடியோடு மறைந்துவிடும். உள்ளூர்க்காரர் சொல்லக் கேட்ட எழுத்தர் "எஃப்" இல்லாமல் எழுதியிருந்தால் அது பிழையே அல்ல, ஆனால் அகரவரிசையில் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. எல்லா டவுன்லேண்டுகளுக்கும் பழைய வடிவங்கள் தரப்படவில்லை, வயல், மேடு போன்ற சிறு பெயர்கள் பலவும் இடம்பெறவில்லை. மாவட்டமே தெரியாதவருக்கு உரக்க வாசிக்கும் உத்தி உதவாது. நாடு முழுவதற்குமான பட்டியலை வாசிக்க யாருக்கும் தொண்டை போதாது. வடக்கே அல்ஸ்டரில் ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் உச்சரிப்பும் கலந்திருப்பதால் அங்கே இதே முறை எந்த அளவு பலிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நான் தேடியதெல்லாம் கிளேரும் கால்வேயின் ஒரு பகுதியும்தான்.

கண்டுபிடித்த பெயரை நிலப் பதிவில் சரிபார்க்கும்போது கிரிஃபித் மதிப்பீட்டுக்கு (வரி விதிப்பதற்காக நாடு முழுவதும் எடுத்த நில, கட்டட மதிப்பீடு) முன்பாக டைத் புத்தகங்களை (தேவாலயத்துக்குச் செலுத்த வேண்டிய வரியின் கணக்குகள்) திறப்பது நல்லது. 1847 முதல் 1864 வரை வெளிவந்த கிரிஃபித் நிலைபெற்ற எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுகிறது. 1823 முதல் 1838 வரையிலான டைத் புத்தகங்கள் அதற்கு முந்தையவை, ஆகவே அவையும் காதால் கேட்டு எழுதியவையே. எங்கள் குடும்பப் பெயர் கில்லினபாயின் டைத் பக்கங்களில் இரண்டு டவுன்லேண்டுகளில் இருக்கிறது, கில்ஃபார்பாயில் இல்லை. அந்த இருவரில் ஒருவர் சிப்பாயின் தந்தையா என்பதற்கு ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இலவசமாக இணையத்தில் ஏற்றிய அந்தப் பக்கங்களில், மங்கிய மையில், லத்தீனாக்கிய பெயர்களோடு இப்போது மல்லாடிக்கொண்டிருக்கிறேன்.