ஓப்பன்வர்ட், ஓப்பன்சென்ஸ், வையோஸ்: மாட்டிக்கிட்டா எது வெளிய விடும்?

ரவுட்டருக்கு எந்த ஓஎஸ் போடலாம்னு கேட்டா ஆளாளுக்கு ஃபீச்சர் பட்டியல நீட்டுவாங்க, விபிஎன் இருக்கா, விளம்பரத்த தடுக்குமான்னு. அதெல்லாம் இப்ப எல்லாத்துலயும் இருக்குங்க. நான் பாக்கறது ஒண்ணுதான்: ராத்திரி பதினோரு மணிக்கு ஏதோ ஒரு செட்டிங்க மாத்தி நம்மள நாமளே வெளிய வச்சு பூட்டிக்கிட்டா, திரும்ப உள்ள போக எவ்வளவு நேரம் ஆகும்?

ஓப்பன்வர்ட்ல இருந்து ஆரம்பிப்போம். டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர்ல லினக்ஸ் இருந்ததால, அதோட லைசென்ஸ்படி லிங்க்சிஸ் 2003ல சோர்ஸ் கோட வெளியிட வேண்டியதாச்சு, அதுல இருந்து 2004ல கிளம்பினதுதான் இது, பேர்லயே அந்த டபிள்யூஆர்டி ஒட்டிக்கிட்டிருக்கு. சின்ன பிளாஸ்டிக் டப்பாலயே ஓடும். ஆனா 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம் உள்ள பழசெல்லாம் இனி ஆகாது, புதுசா வாங்கறதா இருந்தா 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ராமுக்கு கீழ போகாதீங்க. பிராட்காம் வைஃபை சிப் இருந்தா தொடவே தொடாதீங்க, அதுக்கு ஃப்ரெஷ்டொமாட்டோங்கற இன்னொரு ரவுட்டர் ஓஎஸ் பக்கம் போய் பாருங்க.

இதோட வெப் பேஜ்ல ஒரு செட்டிங்க மாத்தி அப்ளை குடுத்தா, 90 செகண்டுக்குள்ள நம்ம பிரவுசர் திரும்ப கனெக்ட் ஆகலன்னா தானாவே பழசுக்கு போயிடும். நான் பெரிய ஆளு மாதிரி எஸ்எஸ்ஹெச்ல (கமாண்டு அடிச்சு உள்ள போற வழி) போய், நெட்வொர்க்க தனித்தனியா பிரிக்கற விலான் செட்டிங் இருக்கற ஃபைல கையால திருத்தி நெட்வொர்க்க ரீஸ்டார்ட் பண்ணேன், அங்க அந்த பாதுகாப்பெல்லாம் கிடையாது, அவ்ளோதான் ஆள் காலி. அப்புறம் கரண்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, எல்இடி மினுக்கும்போது பட்டன அமுக்கி ஃபெயில்சேஃப் மோடுக்குள்ள (நம்ம செட்டிங்க விட்டுட்டு அடிப்படையா மட்டும் கிளம்பற மோடு) போய், லேப்டாப்புக்கு 192.168.1.2ன்னு கையால ஐபி குடுத்து, உள்ள நுழைஞ்சு அந்த ஒத்த வரிய சரி பண்ணேன். பத்து நிமிஷம். குறைன்னா, அப்கிரேடு பண்ணா கான்ஃபிக் (நாம வச்ச செட்டிங்ஸ்) இருக்கும், நாம தனியா போட்ட பேக்கேஜ் போயிடும் (அதுக்குன்னு இருக்கற அட்டெண்டட் சிஸ்அப்கிரேடுங்கற டூல போட்டா அந்த தொல்லை இல்ல).

ஓப்பன்சென்ஸும் பிஎஃப்சென்ஸும் பங்காளிங்க, ஃபயர்வால் ஓஎஸ்ங்க. ரெண்டும் ஃப்ரீபிஎஸ்டிங்கற யுனிக்ஸ் வகை ஓஎஸ் மேல ஓடறது, ரெண்டுக்கும் மூலம் மோனோவால்ங்கற பழைய ஃபயர்வால், 2015ல பாகப்பிரிவினை. மோனோவால எழுதின மானுவல் காஸ்பரே கடைய மூடறப்ப ஓப்பன்சென்ஸ் பக்கம் போங்கன்னு சொல்லிட்டார். வருஷத்துக்கு ரெண்டு பெரிய ரிலீஸ், ஜனவரி ஜூலைன்னு முன்னாடியே தெரியும், எனக்கு அதான் பிடிக்கும், பிஎஃப்சென்ஸுக்கு டாக்குமெண்டேஷன் பிரமாதம். இன்டெல் நெட்வொர்க் போர்ட் உள்ள எக்ஸ்86 (பிசி வகை) பெட்டி ஒண்ணு வேணும், வைஃபைய இது தலையில கட்டாதீங்க, தனி ஆக்சஸ் பாயிண்ட் வச்சுக்கோங்க. மாட்டிக்கிட்டா மானிட்டரும் கீபோர்டும் சொருகி கன்சோல் மெனுல பழைய பேக்கப்ப தேர்ந்தெடுத்தா முடிஞ்சுது, மொத்த கான்ஃபிக்கும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைல்தான்.

வையோஸ் வேற ஜாதி. 2013ல வையாட்டாங்கற பழைய ரவுட்டர் ஓஎஸ்ல இருந்து பிரிஞ்ச, டெபியன் லினக்ஸ் மேல கட்டின சரக்கு, வெப் பேஜே கிடையாது, எல்லாம் கமாண்டு. மாத்தினத கம்பேர் போட்டு பாத்துட்டு கமிட்-கன்ஃபர்ம் குடுத்தா, குறிச்ச நிமிஷத்துக்குள்ள நாம சரின்னு சொல்லலன்னா அதுவே பழைய கான்ஃபிக்குக்கு திரும்பிடும், எங்கயோ தூரத்துல இருக்கற ரவுட்டருக்கு இதுக்கு மேல வசதி வேணுமா? ஆனா சேவ் போட மறந்துட்டு ரீபூட் பண்ணா செஞ்ச வேலையெல்லாம் தண்ணில போச்சு. இலவசமா கிடைக்கறது ரோலிங் இமேஜ் (அடிக்கடி மாறிட்டே இருக்கறது), எல்டிஎஸ் இமேஜுக்கு (ரொம்ப நாள் சப்போர்ட் உள்ளது) சந்தா. பிஜிபி (பெரிய நெட்வொர்க்குங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கற முறை) ஓட்டறவங்களுக்கு சரி, வீட்டுக்குன்னா கொசு அடிக்க பீரங்கி.

என் வீட்டுல இப்ப நெட் லைன் உள்ள வர்ற இடத்துல ஓப்பன்சென்ஸ், வைஃபைக்கு ஓப்பன்வர்ட். ரெண்டுக்கும் பேக்கப் லேப்டாப்லயே கிடக்கு, கிளவுட்ல மட்டும் வச்சிருந்த காலத்துல ரவுட்டர் படுத்ததும் அத எடுக்க நெட் இல்லாம முழிச்சிருக்கேன்.