மூட்டு ஸ்டீராய்டு ஊசி: அன்றிரவு முதல் இரண்டாம் வருடம் வரை

ஊசி போட்ட பிறகு வலி கூடிவிட்டது என்று சொல்பவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, போட்டு எத்தனை நாள் ஆகிறது என்பதுதான். அன்றிரவே கிளம்பிய வலி, நாலாம் நாள் கிளம்பிய வலி, இரண்டு மாதம் கழித்துத் திரும்பிய வலி, வருடக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் வலி எல்லாம் ஒன்றல்ல. ஒன்றுக்கு ஐஸ் போதும். இன்னொன்றுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

அதற்கும் முன்னால், போட்டது என்ன ஊசி என்று தெரியவேண்டும். நம் பக்கம் ‘வலி ஊசி’ என்ற ஒரே பேரில் இரண்டு வேறு சமாச்சாரங்கள் ஓடுகின்றன. மூட்டுக்குள் போடுவது பெரும்பாலும் ட்ரையாம்சினோலோன் அல்லது மீத்தைல்பிரட்னிசோலோன் என்ற, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு. முழங்காலுக்கு வழக்கமான அளவு 40 மில்லிகிராம், கூடவே மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் கொஞ்சம். மருந்து பால் கலங்கல் மாதிரி இருக்கும், குலுக்கித்தான் எடுப்பார்கள். இடுப்பிலோ கையிலோ குத்துவது பல நேரம் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, அதோடு தண்ணீர் மாதிரி தெளிவான டெக்ஸாமெத்தசோன். முதலாவது ஒரு மூட்டுக்கான வேலை. இரண்டாவது உடம்பு முழுக்கப் பரவும் ஸ்டீராய்டு. மூட்டுத் தேய்மானத்துக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வதில் பிரயோஜனம் கிடையாது.

மூட்டுக்குள் போட்டவுடன் வலி பறந்துபோவது லிக்னோகைனால். சில மணி நேரத்தில் மரத்துப்போன தன்மை விட்டுவிடும், வலி திரும்பும். ஸ்டீராய்டு வேலையைத் தொடங்க இரண்டு நாள் முதல் ஒரு வாரம் ஆகும். இடைப்பட்ட நேரத்தில்தான் ‘ஊசி தப்பாப் போயிடுச்சு’ என்ற பேச்சு கிளம்புகிறது. சிலருக்கு அதையும் மிஞ்சி, முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கிக் கடுமையாக வலிக்கும். மருந்தின் நுண்ணிய படிகங்களை மூட்டின் உள்சவ்வு எதிர்ப்பதால் வருவது இது. துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வைத்து, பாரசிட்டமால் போட்டுக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது வேண்டாம்.

அடங்காமல் மூன்றாம் நாளுக்கு மேல் வலி ஏறினாலோ, மூட்டு சூடாகச் சிவந்தாலோ, காய்ச்சல் குளிர் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் சில நாட்களில் குருத்தெலும்பைத் தின்றுவிடும். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி வைக்கும் என்பதால், காய்ச்சல் இல்லை என்று சும்மா இருக்கக் கூடாது. இங்கே ஒரு முக்கியமான விஷயம்: மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் ஆன்டிபயாட்டிக் தொடங்கவேண்டும். மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் போனால், என்ன கிருமி என்பது நீரில் தெரியாமலே போகலாம்.

சுகர் உள்ளவர்களுக்கு வேறொரு கணக்கு. ஊசி போட்ட சில மணி நேரத்திலிருந்து சுமார் ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறும். சாப்பாடு மாறவே இல்லையே என்று குழம்பவேண்டாம். அந்த வாரம் முழுக்க வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்க்கவேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அளவை எப்படி மாற்றுவது என்பதை ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சர்க்கரை ஏற்கெனவே எகிறிக் கிடந்தால், முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு ஊசிக்குப் போகலாம்.

இரண்டாவது வாரத்திலிருந்து நல்ல காலம். முழங்கால் தேய்மானத்தில் இந்த நிம்மதி நாலு முதல் ஆறு வாரம் நீடிக்கலாம், சிலருக்கு இன்னும் கொஞ்சம். கெடுவதும் இந்த வாரங்களில்தான். வலி இல்லை என்றதும் தக்காளிக் கூடை தலைக்கு ஏறிவிடும், மாங்காய்ப் பறிப்புக்கு ஆள் கிளம்பிவிடும், நாள் முழுக்கக் குந்திக் களையெடுப்பு நடக்கும். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கிறது. அது கொடுக்கும் எச்சரிக்கை மட்டும்தான் அணைந்திருக்கிறது. ஏழாவது வாரத்தில் வலி ‘முன்னைவிட மோசமாக’ திரும்புவதில் பெரும்பங்கு இந்தச் சுமைக்கு.

இதைத் தடுக்க, முதல் இரண்டு நாள் நடமாட்டம் மட்டும், பாரமும் குந்துவதும் கிடையாது. பிறகு தொடைத் தசைக்கு வேலை. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது 10 முறை, காலை மாலை. காலை நேராக நீட்டி ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவதும் அதே கணக்கு. ஒரு வாரம் பழகியதும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை. சலிப்பான வேலைதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், முழங்கால் தேய்மானமுள்ள 156 பேரில் ஊசி போட்டவர்களைவிட பிசியோதெரபி செய்தவர்களுக்கு ஒரு வருட முடிவில் வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன. பிசியோவுக்கு டவுனுக்கு அலைய முடியாத வயதானவர்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரிடம் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட திட்டம் அது. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் உண்டு.

ஒரே மூட்டில் இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது மூன்று மாதம், வருடத்துக்கு மூன்று அல்லது நாலுக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான வரம்பு. அந்த வரம்புக்குள் இருந்தாலே பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2017இல் ஜாமா இதழில் வந்த ஆய்வில் 140 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் ட்ரையாம்சினோலோனும் மறு சாராருக்கு வெறும் உப்பு நீரும் இரண்டு வருடம் போட்டார்கள். மருந்து போட்டவர்களின் குருத்தெலும்பு 0.21 மில்லிமீட்டர் தேய்ந்தது, உப்பு நீர்க்காரர்களுக்கு 0.10. வலியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே முதல் ஊசி மூன்று மாதம் தாங்கி, இரண்டாவது ஒன்றரை மாதம், மூன்றாவது மூன்று வாரம் என்று குறைந்துகொண்டே வந்தால், நாலாவதைக் கேட்பதைவிட எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது மேல். ஊசிக்குப் பிறகு திடீரென்று ராத்திரியிலும் குடையும் இடுப்பு மூட்டு வலி வந்தால் எக்ஸ்ரேவும் போதாது; எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றிருக்கிறதா, குருத்தெலும்புக்குக் கீழே விரிசலா என்று எம்ஆர்ஐயில்தான் ஆரம்பத்திலேயே தெரியும்.

முழங்கை வெளிப்பக்க வலிக்கு, அதாவது டென்னிஸ் எல்போவுக்கு, இந்த ஊசி இன்னும் மோசமான பேரம். கல் உடைப்பவர்களுக்கும் ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கும் சகஜமாக வருவது இது. முதல் மாதம் அருமையாக இருக்கும், ஒரு வருடத்தில் பார்த்தால் ஊசி போடாதவர்களைவிடப் பின்தங்கியிருப்பார்கள். குதிகாலில் அடிக்கடி போட்டால் அங்குள்ள கொழுப்பு மெத்தை கரைந்து, வெறுங்காலில் நடப்பதே முள்மேல் நடப்பதாகிவிடும்.

குறுக்கு வலிக்கு முதுகுத்தண்டில் போடும் எபிடூரல் ஊசிக்கு வருவோம். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தி, கால்வரை இழுக்கும் வலிக்குக் கொஞ்ச நாள் கைகொடுக்கும். தண்டுக்குழாய் குறுகிப்போனவர்கள் 400 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு கலந்ததற்கும் வெறும் லிக்னோகைனுக்கும் ஆறு வாரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கால் இழுப்பு இல்லாத வெறும் குறுக்கு வலிக்கு எதிர்பார்ப்பு இன்னும் குறைவு. போடுவதென்றால் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில் உடனுக்குடன் படம் பார்த்துப் போடும் இடத்தில் மட்டும். போட்ட பிறகு படுத்தால் குறைந்து எழுந்தால் பிளக்கும் தலைவலி, கால் பலமிழப்பு, சிறுநீர் கட்டிக்கொள்வது, மலத்துவாரப் பக்கம் மரத்துப்போவது இவற்றில் எது வந்தாலும் உடனே போகவேண்டும். பின்னிரண்டும் கால் பலமிழப்பும் சில மணி நேரத்துக்குள் பார்க்கவேண்டிய அவசரம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்கவேண்டும்: தண்ணீர். இங்குள்ள பாறை நிலத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. பல வருடம் அதைத் தாண்டிக் குடித்தால் எலும்பு தடித்து, தசைநாண்களில் சுண்ணாம்பு படிந்து, முதுகும் மூட்டும் மரக்கட்டையாக இறுகும். இதைத் தேய்மானம் என்று நினைத்து ஊசி மேல் ஊசி போட்டால் வலி அடங்காது, ஏனென்றால் அங்கே ஸ்டீராய்டு தணிக்கும் வீக்கம் இல்லை. முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, தாடை நெஞ்சைத் தொடுகிறதா, இரு கையையும் பின்னந்தலையில் கோக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முடியாவிட்டால் முன்கை எக்ஸ்ரே ஒன்று கேளுங்கள். இரு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு தெரிந்தால் சந்தேகம் வலுவாகும். பல்லில் காவிக்கறை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கறை சின்ன வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத்தான் விழும். வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளுக்குப் பல் வெள்ளையாகவும் எலும்பு கெட்டும் இருக்கலாம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதால் பிரச்சினை முடிந்தது என்றும் இல்லை. குடிக்க அந்தத் தண்ணீர், களி கிண்டவும் சோறாக்கவும் போர் தண்ணீர் என்று வைத்திருக்கும் வீடுகளில் ஃப்ளோரைடு சாப்பாட்டு வழியாகப் போகிறது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். சாதா கேண்டில் ஃபில்டரும் பிடிக்காது, ஆர்ஓ பிடிக்கும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

இன்னொரு ‘வலி கூடியது’ உண்டு. வாராவாரம் டெக்ஸாமெத்தசோன் ஊசியோ, பேர் இல்லாத மூட்டுவலிப் பொடியோ மாதக்கணக்கில் எடுத்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தினால், உடம்பு முழுக்க மூட்டு வலி, அசதி, தலைச்சுற்றல், வாந்தி வரும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை விட்டிருக்கும். முகம் உப்பி, கை கால் மெலிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பழைய ஊசிக்கே திரும்பக் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணி கார்டிசால் பரிசோதனை செய்து, படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, மருந்தின் பேர், எத்தனை மில்லிகிராம், எந்த மூட்டு என்று ஒரு நோட்டில் எழுதி, காலி பாட்டிலின் படத்தை போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி இங்கே, ஆபரேஷன் சேலத்திலோ பெங்களூரிலோ என்று ஆகும்போது இந்த நோட்டுதான் பேசும். ஊசி போட்ட மூட்டில் மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று அறுவை செய்தால் தொற்று அபாயம் கூடுகிறது. கேட்கும் டாக்டரிடம் ‘போன வருஷம் எப்பவோ போட்டேன்’ என்று சொல்லாமல் தேதியைக் காட்டினால், அறுவையை எத்தனை வாரம் தள்ளவேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார்.